பத்தே ஹைதர் வென்றிருந்தால்: நடக்காத வரலாற்றை எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் காய்கறி வாங்கப் போகிற நாம் கிளைவ் ஸ்ட்ரீட், ஹேஸ்டிங்ஸ் ரோடு, டல்ஹௌசி லேன் என்ற பெயர்ப்பலகைகளைத் தினமும் கடந்து செல்கிறோம். கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியாவில் தோற்றிருந்தால் அதன் ஆட்சியாளர்களின் இந்தப் பெயர்கள் இங்கு இருந்திருக்குமா என்ற கேள்வி, எங்கள் சனிக்கிழமை வாசிப்பு வட்டத்தில் ஒருநாள் விளையாட்டாகத்தான் எழுந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், "நடக்காததை எழுதினால் அது கதை, வரலாறு அல்ல ஐயா" என்று மறுத்தார். அவருக்குப் பதில் சொல்ல முயன்றபோது உருவான முறையையே இங்கே எழுதுகிறேன். எடுத்துக்காட்டு முழுவதும் ஒன்றுதான்: 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் நடந்த சிப்பாய்க் கலகமும், அதில் அரசனாக அறிவிக்கப்பட்ட திப்புவின் மகன் பத்தே ஹைதரும். பல கலகங்களை ஒரே கட்டுரையில் தொட்டுச் செல்வதைவிட ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அடிவரை தோண்டுவதே இந்த வகை எழுத்துக்குப் பொருந்தும்.

முதற்படி: உரிமை யாருடையது, அதைக் கோரியது யார்?

அரச உரிமைக் கலகத்தை எழுதத் தொடங்கும்போது முதலில் பிரித்தறிய வேண்டியது, தானே வாளேந்தி உரிமை கோரியவரையும், பிறரால் அவர்கள் தேவைக்காக அரசனாக அறிவிக்கப்பட்டவரையும். 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்தபின், அவருடைய குடும்பத்தார் வேலூர்க் கோட்டையின் அரண்மனைகளில் கம்பெனியின் உதவித்தொகையில் காவலுக்குள் வாழ்ந்தார்கள். குடும்பத்தைப் பின்தொடர்ந்து மைசூரைச் சேர்ந்த பலர் வேலூரைச் சுற்றிலும் குடியேறினார்கள். மூத்த புதல்வர்களுள் ஒருவரான பத்தே ஹைதர் 1799இல் சரணடைந்தவர்; போரிட்டு அரியணையை இழந்தவர் அல்லர். 1806இல் அவரை அரசராக்கியது கோட்டையில் இருந்த சிப்பாய்கள். இளவரசர்களோ தயங்கினார்கள், அவர்களுள் மொய்சுதீன் என்பவர்மீதுதான் கம்பெனி அதிகாரிகளின் சந்தேகம் மிகுதியாக விழுந்தது. ஆகவே "பத்தே ஹைதர் வென்றிருந்தால்" என்ற தலைப்பிலேயே ஒரு பொய் ஒளிந்திருக்கிறது. வென்றிருக்கக்கூடியவர்கள் ஜமேதார் ஷேக் காசிம் போன்ற படை அதிகாரிகள். பத்தே ஹைதர் அவர்களுடைய வெற்றியின் முத்திரையாக இருந்திருப்பார். என் தலைப்பையும் நான் இதன் பொருட்டு மாற்றவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். வாசகரை உள்ளே அழைத்துவந்து திருத்துவது எனக்குப் பிடித்த வழி.

சிங்கப்பூர் வாசகருக்கு இதை விளக்க, மலாய் சுல்தானின் குடியிருப்பாக இருந்த கம்போங் கிளாமே போதும். சுல்தான் மஹ்மூதின் மூத்த மகன் தெங்கு ஹுசைன், தந்தை இறந்தபோது அருகில் இல்லாததால் ஜொகூர்–ரியாவ் அரியணையைத் தம்பி அப்துல் ரஹ்மானிடம் இழந்தவர். 1819 பிப்ரவரி 6 அன்று அவர் சிங்கப்பூரில் சுல்தானாக அங்கீகரிக்கப்பட்டதும், ஆண்டுக்கு 5,000 ஸ்பானிய வெள்ளி பெற்றதும், உரிமையின் வலிமையால் மட்டும் நடந்தவை அல்ல. அந்த உரிமை தேவைப்பட்ட கம்பெனியிடம் கப்பல்களும் பீரங்கிகளும் இருந்தன. வேலூரில் உரிமை கோட்டைக்குள் இருந்தது. கப்பலும் பீரங்கியும் எதிர்த்தரப்பிடம் இருந்தன.

இரண்டாம் படி: நடந்ததை மணிக்கணக்கில் எழுதுங்கள்

நடந்ததைத் துல்லியமாக எழுதாதவர் நடக்காததை எழுத முடியாது. ஒரு தாளில் நேர வரிசையை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். கருத்து எதுவும் சேர்க்காதீர்கள்.

1805 நவம்பரில் மதராஸ் படைத்தலைவர் சர் ஜான் கிராடக்கின் காலத்தில் புதிய தலைப்பாகை ஆணை பிறந்தது. அதில் தோல் பட்டை இருந்தது. ஐரோப்பியத் தொப்பியின் சாயலும் இருந்தது. அணிவகுப்பில் நெற்றிக் குறிகளும் காதணிகளும் கூடாது என்றும், தாடி மீசை ஒரே வகையாக வெட்டப்பட வேண்டும் என்றும் விதிகள் வந்தன. 1806 மே மாதத்தில் வேலூரில் எதிர்த்தவர்கள் கைதானார்கள். இருவருக்குத் தலா 900 கசையடி விதிக்கப்பட்டது. ஜூன் மாதத்தில் முஸ்தபா பேக் என்ற சிப்பாய் சதியைப் பற்றி அறிவித்தார், அதிகாரிகள் அவரை நம்பவில்லை. ஜூலை 9 அன்று திப்புவின் மகள் ஒருவரின் திருமணம்; மறுநாள் காலை அணிவகுப்பு என்பதால் சிப்பாய்கள் பலர் இரவில் கோட்டைக்குள்ளேயே தங்கினார்கள். நள்ளிரவு கடந்தபின் தாக்குதல் தொடங்கியது. கோட்டையில் சுமார் 1,500 இந்தியச் சிப்பாய்களும், பிரிட்டிஷ் 69ஆம் படைப்பிரிவின் நான்கு படைக்குழுக்களைச் சேர்ந்த ஐரோப்பியர் 370 பேர் அளவிலும் இருந்தனர். கோட்டைத் தளபதி கர்னல் ஃபேன்கோர்ட் கொல்லப்பட்டார். ஐரோப்பியத் தரப்பில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விடியும்போது கோட்டையின் கொடிக்கம்பத்தில் திப்புவின் புலிக் கொடி பறந்தது.

அதே நேரத்தில் மூன்று தவறுகள் நடந்தன. சிப்பாய்களில் பலர் கொள்ளையில் இறங்கினார்கள். வெளிவாயில்களை முறையாக அடைத்துக் காக்கத் தவறினார்கள். வாயிலுக்கு மேலே இருந்த மதிலில் சார்ஜென்ட் பிராடியுடன் எஞ்சியிருந்த 69ஆம் படையினரை முழுமையாக வெளியேற்றவும் இல்லை. அவர்களிடம் தோட்டா தீர்ந்திருந்தது. கோட்டைக்கு வெளியே இருந்த மேஜர் கோட்ஸ், 25 கிலோமீட்டர் தொலைவிலிருந்த ஆற்காட்டுக்குச் செய்தி அனுப்பினார். அங்கிருந்து கர்னல் ரோலோ கில்லெஸ்பி 19ஆம் குதிரைப்படையின் ஒரு சிறு பிரிவுடன் முன்னே பாய்ந்து, காலை 9 மணியளவில் வேலூரை அடைந்தார். மதிலின் மேலிருந்தவர்கள் இறக்கிய கயிற்றைப் பிடித்து ஏறினார். பின்னால் வந்த இலகு பீரங்கிகள் வாயிலைத் தகர்த்தன. அதன்பின் நடந்தது போர் அல்ல, பழிவாங்கல். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள், சரணடைந்தவர்களும் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டார்கள்.

மூன்றாம் படி: எந்த இடத்தில் திருப்புவது?

வரலாற்றைத் திருப்பும் புள்ளியைத் தேர்வதில்தான் பெரும்பாலான கட்டுரைகள் வழுக்கி விழுகின்றன. தலைப்பாகை ஆணையைக் கிராடக் திரும்பப் பெற்றிருந்தால் என்று தொடங்கினால், கலகமே இல்லை, கேள்வி கரைந்துவிடும். முஸ்தபா பேக்கை நம்பியிருந்தால் என்று தொடங்கினால், கலகம் முன்பே அடங்கியிருக்கும், திசை தவறும். பிரெஞ்சுக் கடற்படை மதராசுக்கு வந்திருந்தால் என்று தொடங்குவது எளிது. ஆனால் 1806 ஜூலையில் அப்படி ஒரு கப்பற்படையைச் சோழமண்டலக் கரைக்குக் கொண்டுவர எவ்வளவு உலகத்தை மாற்ற வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். முந்தைய ஆண்டு நடந்த டிரஃபால்கர் போரையே அழிக்க வேண்டியிருக்கும். மாற்றம் சிறியதாக இருக்க வேண்டும், அன்றைய மனிதர்கள் எளிதாகச் செய்திருக்கக்கூடியதாக இருக்க வேண்டும், விளைவு கலகத்தின் பக்கம் சாய வேண்டும். இந்த மூன்றையும் நிறைவேற்றும் புள்ளிகள் வேலூரில் இரண்டே.

ஒன்று: வாயில். அந்த இரவில் பத்துப் பேரை வாயிலில் நிறுத்தும் கட்டளை ஒரு ஜமேதாரிடமிருந்து பிறந்திருந்தால் போதும். மற்றொன்று: விருந்து. கில்லெஸ்பி 9ஆம் தேதி இரவு வேலூரில் ஃபேன்கோர்ட்டுடன் உணவருந்தித் தங்குவதாக இருந்தார் என்றும், கடிதங்கள் வந்ததால் ஆற்காட்டிலேயே நின்றுவிட்டார் என்றும் அவரைப் பற்றிய பழைய குறிப்புகள் கூறுகின்றன. அவர் வந்திருந்தால், ஃபேன்கோர்ட்டுடன் சேர்ந்து இறந்திருக்க நியாயம் உண்டு; ஆற்காட்டுக் குதிரைப்படை வேறொருவரின் தலைமையில், பீரங்கிகளுக்காகக் காத்திருந்து, தாமதமாக வந்திருக்கும். நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பேன். முதலாவதைச் செய்ய ஒரு கூட்டத்தின் மனநிலையை மாற்ற வேண்டும். இரண்டாவதற்கு ஒரு தபால்காரன் அரைநாள் தாமதித்தால் போதும்.

நான்காம் படி: "வெற்றி" என்றால் என்ன என்று வரையறுங்கள்

கோட்டையைப் பிடிப்பதும் அதை வைத்துக்கொள்வதும் மைசூரில் அரியணை ஏறுவதும் மூன்று வெவ்வேறு செயல்கள். கலகக்காரர்கள் முதலாவதை உண்மையிலேயே செய்தார்கள். சில மணிநேரம் மட்டுமே. கட்டுரையை எந்த வெற்றிக்கு எழுதுகிறீர்கள் என்று முதல் பத்தியிலேயே அறிவித்துவிடுங்கள். இல்லையென்றால், இரவில் கோட்டை வீழ்ந்ததும் மறுவாரம் இந்தியா விடுதலை பெற்றுவிடும்.

ஐந்தாம் படி: நாள், வாரம், ஆண்டு என்று தனித்தனியாகப் பிரித்து எழுதுங்கள்

இந்தப் பகுதியில்தான் உழைப்பு முழுவதும் செல்ல வேண்டும். எனவே இங்கேதான் அதிகம் பேசப்போகிறேன்.

முதல் வாரத்தில் கேள்வி ஒன்றே: கோட்டை நிற்குமா? வேலூரின் கருங்கல் மதிலும் நீர் நிறைந்த அகழியும் வெறும் அலங்காரம் அல்ல. 1780களின் தொடக்கத்தில் ஹைதர் அலியின் படை சூழ்ந்தும் அது வீழவில்லை. கம்பெனியும் கோட்டைகளின்முன் தோற்கக்கூடியதே. ஒன்றரை ஆண்டுக்கு முன்னர்தான், 1805 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில், வட இந்தியாவின் பரத்பூர்க் கோட்டையின்மேல் கம்பெனியின் ஜெனரல் லேக் நான்கு முறை பாய்ந்து நான்கு முறையும் பின்வாங்கினார். எனவே வாயில் அடைபட்டு, வெடிமருந்துக் கிடங்கு கையில் இருந்து, மதிலில் எதிரி எஞ்சாதிருந்தால், வேலூர் சில வாரங்கள் நின்றிருக்கும். ஆனால் பரத்பூருடன் ஒப்பிடும்போது அடுத்த வரியையும் எழுத வேண்டும். பரத்பூர் ராஜாவுக்குச் சுற்றிலும் நிலமும், நிலவரியும், பரம்பரையாகப் பழகிய குடிகளும் இருந்தன. அதனால்தான் அவர் பின்னர் பேரம் பேசி உடன்படிக்கை செய்ய முடிந்தது. வேலூரின் சிப்பாய்களுக்குக் கோட்டையின் சுவர்களே எல்லை. அவர்களுடைய மாதச் சம்பளம் வந்த கருவூலம், அவர்கள் சுட்ட அதிகாரிகளுடையது. நூற்றுக்கும் மேற்பட்ட ஐரோப்பியரை இரவில் கொன்றவர்களுடன் கம்பெனி உடன்படிக்கை பேசியிருக்கும் என்று நான் நம்பவில்லை.

அடுத்து வாரங்கள். மற்றப் பாசறைகள் எழுந்திருக்குமா? இங்கே சான்று ஊக்கமளிக்கிறது, ஆனால் முழுவதும் இல்லை. தலைப்பாகைக் கலக்கம் வேலூரில் மட்டும் இல்லை. ஹைதராபாத்திலிருந்த துணைப்படையிலும் அதே ஜூலையில் பரவியது, அங்கிருந்த தளபதி ஆணையை நிறுத்திவைத்ததால் தணிந்தது. வாலாஜாபாத், நந்திதுர்க்கம், பாளையங்கோட்டை ஆகிய இடங்களிலும் அந்த ஆண்டில் அமைதியின்மை இருந்தது. தெற்கே, கட்டபொம்மன் 1799இல் தூக்கிலிடப்பட்டதும், மருது சகோதரர் 1801 அக்டோபர் 24 அன்று தூக்கிலிடப்பட்டதும் யாருக்கும் மறந்திருக்கவில்லை. பாளையங்களை இழந்த குடும்பங்களின் உறவினர் பலர் கம்பெனிப் படையிலேயே சேர்ந்திருந்தார்கள். ஆயினும் தலைப்பாகை வெறுப்பு ஓர் ஆணையைத் திரும்பப் பெறுவதால் தீர்க்கப்படக்கூடியது, தீர்க்கவும்பட்டது. வேலூர் இரண்டு வாரம் நின்றிருந்தால், மதராஸ் ஆளுநர் வில்லியம் பெண்டிங்க் எல்லாப் பாசறைகளிலும் அந்த ஆணையை அதே வேகத்தில் திரும்பப் பெற்றிருப்பார். அப்போது மற்றச் சிப்பாய்களுக்குக் குறை தீர்ந்திருக்கும். வேலூரில் இருந்தவர்கள் தனித்துவிடப்பட்டிருப்பார்கள். பொதுவான குறையும் பொதுவான அரசனும் ஒன்றல்ல என்பதை இந்த இடத்தில் அழுத்தமாக எழுதுங்கள். மருது பாண்டியரின் உறவினர் ஒருவர் திப்புவின் மகனுக்காக உயிர் விடுவாரா என்பதற்கு விடை "ஆம்" என்று எழுத நமக்கு ஆசை இருக்கிறது, சான்று இல்லை.

இனி ஆண்டுகள், அதாவது மைசூர். பத்தே ஹைதரின் அரியணை வேலூரில் இல்லை. மைசூரில் 1799 முதல் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் என்ற சிறுவர் அரசர். ஆட்சி திவான் பூர்ணையாவின் கையில். இந்தப் பூர்ணையா திப்புவிடமே உயர்பதவி வகித்தவர். ஆகவே பழைய எசமானின் மகனை வரவேற்றிருப்பார் என்று சிலர் எழுதக்கூடும். இதற்கு ஒரு மாற்றுச் சான்று இருக்கிறது, பலரும் அதைப் பார்ப்பதில்லை. 1809இல் மதராஸ் படையின் ஐரோப்பிய அதிகாரிகளே ஆளுநர் பார்லோவை எதிர்த்துக் கலகம் செய்து ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பிடித்தார்கள். கம்பெனியின் வலிமை இரண்டாகப் பிளந்த அந்த வேளையில் பூர்ணையா என்ன செய்தார்? மைசூர்க் குதிரைப்படை அரசாங்கத்தின் பக்கம் நின்று கலகக்காரர்களைத் தாக்கியது. கம்பெனி தனக்குள்ளே உடைந்தபோதுகூட அதனுடன் நின்றவர், வேலூரிலிருந்து ஓடிவரும் ஓர் இளவரசருக்காக ஆண்டுக்கு 7 லட்சம் பகோடா (தங்க நாணயம்) கப்பம் கட்டி வாங்கிய பாதுகாப்பைத் துறந்திருப்பாரா? ஒருவர் 1806இல் என்ன செய்திருப்பார் என்பதற்கு, அதை ஒத்த நெருக்கடியில் அவர் 1809இல் உண்மையில் செய்ததே நம்மிடம் உள்ள மிகச் சிறந்த சாட்சி. இவ்வகைச் சாட்சிகளைத் தேடுவதுதான் இந்த வேலையின் பாதி.

எனவே என் தீர்ப்பு இது: ஜூலை இறுதிவரை கோட்டை நின்றிருக்கும், மதராசிலிருந்து முற்றுகைப் பீரங்கிகள் வந்திருக்கும், ஒரு பகுதிச் சிப்பாய்கள் மலைவழியாக மைசூர் எல்லைக்குள் நுழைய முயன்று பூர்ணையாவின் குதிரைப்படையால் மறிக்கப்பட்டிருப்பார்கள். பத்தே ஹைதர் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டிருப்பார். உண்மையிலும் திப்புவின் குடும்பம் அங்கேதான் அனுப்பப்பட்டது.

ஆறாம் படி: வினைமுற்றைக் கவனியுங்கள்

தமிழ் இந்த வகை எழுத்துக்கு ஒரு வசதி செய்துகொடுக்கிறது. "நின்றிருக்கும்" என்பது துணிவு. "நின்றிருக்கக்கூடும்" என்பது வலுவான ஊகம். "நின்றிருக்கலாம்" என்பது வாய்ப்பு மட்டுமே. இந்த மூன்றையும் கலந்து எழுதாமல், எழுதத் தொடங்குமுன்பே அளவு வகுத்துக்கொள்ளுங்கள். முதல் வாரத்தைப் பற்றி எழுதும்போது "-இருக்கும்" தாராளமாக வரலாம். மூன்றாம் ஆண்டில் அது ஒருமுறை வந்தாலும் சந்தேகப்படுங்கள். எங்கள் வட்டத்தில் ஒருவருடைய கட்டுரையில் இந்த வினைமுற்றுகளை மட்டும் வண்ணப் பேனாவால் வட்டமிட்டோம். 1857 வரை அனைத்தும் "-இருக்கும்" என்றே முடிந்திருந்தன.

கூடவே, "தேசம்", "விடுதலை", "இந்தியர்" என்ற சொற்களையும் வட்டமிடுங்கள். வேலூர்ச் சிப்பாய்கள் உயர்த்தியது மைசூர் அரச குடும்பத்தின் கொடி. பின்னாளில் வந்த பொருளை அவர்களுடைய வாயில் வைப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதை போலத் தோன்றினாலும், அவர்கள் உண்மையில் எதற்காக இறந்தார்கள் என்பதை அது மறைக்கிறது.

ஏழாம் படி: சிங்கப்பூருக்கு வரும் நூலை இழுத்துப் பாருங்கள், பிறகு அறுங்கள்

நான் தேர்ந்த திருப்பத்தில் கில்லெஸ்பி இறக்கிறார். அது உண்மையிலேயே நம் கடற்பகுதிவரை நீளும் ஒரு நூல். 1811இல் ஜாவாவைப் பிடித்த படையெடுப்பில் மீஸ்டர் கோர்னெலிஸ் அரணைத் தகர்த்த தாக்குதலை நடத்தியவர் அவரே; 1812இல் பாலெம்பாங்கிலும் யோக்யகர்த்தாவிலும் போரிட்டவரும் அவரே. ஜாவாவின் துணை ஆளுநராக இருந்த ஸ்டாம்ஃபர்ட் ராஃபிள்ஸுடன் மோதி, அவர்மேல் குற்றச்சாட்டுகள் எழுப்பிவிட்டு, 1814 அக்டோபரில் நேபாளப் போரில் இறந்தார். அந்தக் குற்றச்சாட்டுகளின் நிழலில்தான் ராஃபிள்ஸ் 1816இல் ஜாவாவை விட்டு இலண்டன் சென்றார். பிறகு சுமத்ராவின் பெங்கூலனுக்கு வந்தார். 1819 ஜனவரி இறுதியில் இங்கு வந்திறங்கினார்.

ஆக, வேலூரில் ஒரு விருந்து தள்ளிப்போகாதிருந்தால் சிங்கப்பூர் இல்லை என்று எழுத வேண்டும்போல் கை துடிக்கும். எழுதாதீர்கள். கில்லெஸ்பி இல்லாவிட்டாலும் ஜாவாப் படையெடுப்புக்குத் தலைமை தாங்கியவர் சர் சாமுவேல் ஆக்முட்டி. அதற்கு ஆணையிட்டவர் தலைமை ஆளுநர் மிண்டோ பிரபு. குற்றச்சாட்டுகள் எழாவிட்டாலும், 1814 உடன்படிக்கையின்படி ஜாவா டச்சுக்காரருக்குத் திரும்பப் போவது உறுதியாகியிருந்தது. அங்கே ராஃபிள்ஸின் நாற்காலி எப்படியும் பறிபோயிருக்கும். மலாக்கா நீரிணையில் ஒரு துறைமுகம் வேண்டும் என்ற கம்பெனி வணிகத்தின் பசி ஒரு மனிதரின் பதவியைச் சார்ந்ததாக இல்லை. வேறொரு கை, வேறொரு ஆண்டு, வேறொரு தீவு அமைந்திருக்கலாம். அதற்குமேல் நம் சான்று நம்மைத் தூக்கிச் செல்லாது. பினாங்கிலிருந்து 1819இல் வந்த சிங்கப்பூரின் முன்னோடித் தமிழர் நாராயண பிள்ளைக்கு என்ன ஆகியிருக்கும் என்பதையும் இதே காரணத்தால் நான் எழுதமாட்டேன். வாசகர்கள் கேட்பார்கள், கேட்கட்டும்.

ஒப்பீடு ஒன்று மட்டும் வேண்டுமானால், 1915 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரில் இந்தியச் சிப்பாய்களைக் கொண்ட 5ஆம் இலகு காலாட்படை செய்த கலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கும் ஐரோப்பிய அதிகாரிகள் திடீரெனத் தாக்கப்பட்டார்கள், அடுத்து என்ன செய்வது என்ற திட்டம் இல்லை, பிறகு ஊட்ரம் சிறைச் சுவரோரம் பொதுமக்கள் கண்முன் துப்பாக்கித் தண்டனைகள் நடந்தன. அங்கே அரசனாக அறிவிக்க யாரும் இல்லை என்ற ஒரே வேறுபாட்டை ஆராய்ந்தால், வேலூரில் பத்தே ஹைதர் என்ற பெயர் கலகத்துக்கு என்ன கொடுத்தது, என்ன கொடுக்கவில்லை என்பது துலங்கும். வேலூரில் அது ஒரு கொடியைக் கொடுத்தது. வாயிலில் நிறுத்தப் பத்துப் பேரைக் கொடுக்கவில்லை.

எட்டாம் படி: முடிக்கும் ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள்

கட்டுரையின் கடைசி ஆண்டை முதலிலேயே எழுதி மேசையில் ஒட்டிவையுங்கள். வேலூருக்கு என் கணக்கில் அது 1809. ஸ்ரீரங்கப்பட்டணக் கலகத்துக்குப் பின் பூர்ணையாவின் நடத்தையையும் நம்மால் சாட்சியாக்க முடியாது. கடைசிப் பத்தியில் மூன்று செய்திகள் போதும்: நீங்கள் மாற்றிய ஒரே நிகழ்ச்சி எது, அதனால் உறுதியாக மாறியது எது, உங்கள் தீர்ப்பைக் கவிழ்க்க எந்தப் புதிய ஆவணம் போதுமானது. என் கட்டுரைக்கு அந்த மூன்றாவது விடை இது: 1806 ஜூலையில் வேலூர் அரண்மனைக்கும் பூர்ணையாவுக்கும் இடையே கடிதம் ஒன்று இருந்தது என்று யாராவது காட்டினால், ஐந்தாம் படி முழுவதையும் நான் திரும்ப எழுத வேண்டியிருக்கும்.